கவர்னர் மூடிக்குள் ஒரு வாஷர்

தம்பி,

ஒரே வீட்டில் இருந்துகொண்டு அம்மா கடிதம் எழுதுகிறாளே, புத்தி பிசகிவிட்டதா என்று நீ நினைப்பாய். பிசகவில்லை. நான் வாயைத் திறந்தால் நீ பம்ப் சோதிக்கிற டெஸ்ட் பெஞ்ச் மோட்டாரைப் போட்டுவிடுகிறாய். அந்த இரைச்சலில் யார் பேசி யார் கேட்பது? சரி, சாப்பிடும்போது பேசலாம் என்று தட்டை வைத்தால், அடிக்காத போனைக் காதில் வைத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விடுகிறாய். இப்போது கல்யாணப் பத்திரிகை வைக்க ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருக்கிறாய். பட்டறையில் வேலையும் இல்லை. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். இதை உன் தலையணைமேல் வைப்பேன். கிழித்துப் போட்டாலும் சரிதான், ஆனால் படித்துவிட்டுக் கிழி.

கல்யாணம் ஆகப்போகிற மகனுக்கு அம்மா எழுதினால் புத்திமதி இருக்கும். வருகிற பெண்ணைக் கண்கலங்காமல் வைத்துக்கொள், மாமனார் வீட்டில் அளவோடு இரு, இப்படி ஏதாவது. அதெல்லாம் எனக்கும் எழுதத் தெரியும். ஆனால் கம்பம்மெட்டு வளைவில் ஜீப் உருண்டு பண்ணைப்புரத்து ராசாத்தி செத்துப்போனதைப் பற்றி நாம் இருவரும் இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை. அதைப் பேசாமல் வேறு எதையும் உனக்கு எழுத என்னால் முடியவில்லை.

டீசல் பம்ப்பில், எஞ்சினுக்கு எவ்வளவு டீசல் போக வேண்டும் என்று தீர்மானிக்கிற கவர்னர் எப்படி வேலை செய்கிறது என்று உனக்கு நான் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஆனாலும் எழுதுகிறேன். பம்ப்பைக் கண்ணால் பார்த்திராத ஒருவருக்கு அதைச் சொல்ல வேண்டிய வேளை எனக்கு வந்திருக்கிறது. உன்னிடம் ஒத்திகை பார்க்கிறேன் என்று வைத்துக்கொள். தப்பு இருந்தால் திருத்து. லாரி எஞ்சினில் டர்போ என்று ஒன்று இருக்கிறது. எஞ்சின் வெளியே தள்ளுகிற புகையின் வேகத்தில் அது சுழன்று, வெளிக்காற்றை இழுத்து அமுக்கி உள்ளே அனுப்புகிறது. அந்தக் காற்று வந்து நிறைகிற இடம் மேனிஃபோல்ட். எஞ்சின் நன்றாக ஓடினால் அங்கே காற்றழுத்தம் ஏறும், தளர்ந்தால் இறங்கிவிடும். உள்ளே எவ்வளவு காற்று இருக்கிறதோ அதற்குத் தக்க டீசல்தான் எரியும். மிச்சம் எரியாமல் கரியாகி வெளியே வரும். விறகை அள்ளித் திணித்துவிட்டு ஊதாமல் விட்டால் அடுப்பு என்ன செய்யும்? வீட்டையே புகையாக்கும். அதே கதைதான்.

டிரைவர் ஆக்சிலேட்டரை மிதித்தால் கவர்னர் டீசலைக் கூட்டும். அதற்கு மிதிக்கிற காலைத் தெரியும், எஞ்சின் சுற்றுகிற வேகத்தைத் தெரியும், காற்றை மட்டும் தெரியாது. காற்று வந்ததா இல்லையா என்று சொல்வதற்காகத்தான் அதன் தலையில் ஒரு சின்ன வட்டப் பெட்டி. உள்ளே டயாபிரம் என்கிற ஒரு ரப்பர் சவ்வு, அதற்கு அடியில் ஸ்பிரிங், மேலே மேனிஃபோல்டிலிருந்து வருகிற மெல்லிய குழாய். காற்றழுத்தம் வந்தால் டயாபிரம் ஸ்பிரிங்கை அமுக்கிக் கீழே இறங்கும். அது இறங்க இறங்க, டீசல் அளவைக் கூட்டுகிற ராக் முன்னால் போக வழி கிடைக்கும். அழுத்தம் இல்லையென்றால் ராக் பாதியில் முட்டி நின்றுவிடும். டிரைவர் பெடலைத் தரையோடு மிதித்தாலும் அதற்குமேல் ஒரு சொட்டு போகாது. காற்று வந்த பிறகுதான் டீசல். இவ்வளவுதான் விஷயம்.

இந்தச் சின்னப் பெட்டியை நம் பக்கத்து லாரிக்காரர்கள் யாருக்கும் பிடிக்காது. சமவெளியில் ஓட்டுகிறவனுக்கு இது இருப்பதே தெரியாது. நமக்கு எந்தப் பக்கம் போனாலும் மலை. குமுளிக்கு ஏறு, போடிமெட்டு ஏறு, கம்பம்மெட்டு ஏறு. கொண்டை ஊசி வளைவில் லோடு வண்டி நிற்கிற மாதிரி ஆகிவிடும், டர்போ தூங்கிவிடும், காற்று இருக்காது. அங்கே மிதித்தால் வண்டி உடனே எகிறாமல் கொஞ்ச நேரம் முக்கும். அந்த முக்கலை டிரைவரால் பொறுக்க முடியாது. அதுவும் கறுப்பாகப் புகை தள்ளினால்தான் வண்டிக்கு இழுவை இருக்கிறது என்று இங்கே ஒரு நம்பிக்கை. பம்ப் வேலை பார்க்கிறவனின் கெட்டிக்காரத்தனத்தையே புகையை வைத்துத்தான் எடை போடுகிறார்கள். “அக்கா, நீங்க செட் பண்ணுன வண்டி சாம்பிராணி கூடப் போட மாட்டேங்குதே” என்று என்னைக் கேலி பண்ணின டிரைவர்கள் எத்தனை பேர். “சாம்பிராணி வேணும்னா கோயிலுக்குப் போ, இங்கன எதுக்கு வந்த?” என்று நானும் திருப்பிக் கொடுப்பேன்.

உன் அப்பாவுக்குக் கண்ணில் புரை விழுந்தபோது, பெஞ்சில் கண்ணாடிக் குழாய்களில் ஏறுகிற டீசல் அளவைப் பார்த்துச் சொல்லத்தான் நான் பட்டறைக்குள் வந்தேன். பார்த்துச் சொல்ல வந்தவள் ஸ்பேனர் பிடிக்க ஆரம்பித்துவிட்டேன். கண் ஆபரேஷன் முடிந்து அப்பா திரும்பி வந்தபோது அவருக்குப் பெஞ்சில் இடமில்லை. “ஏ புள்ள, நாஞ் செத்துட்டேன்னு நெனச்சுட்டியா?” என்றார். கல்லாவில் உட்காருங்கள் என்று சொல்லிவிட்டேன். இன்றுவரை அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். நீ படித்து முடித்துப் பட்டறைக்கு வந்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை நான் யாரிடமும் காட்டிக்கொள்ளவில்லை. உன் கை என் கையைவிட நயமான கை. ஸ்குரூவை எவ்வளவு திருப்ப வேண்டும் என்பதை நீ விரலாலேயே கண்டுபிடித்தாய். உன்னைப் பார்த்து நான் கர்வப்பட்டேன்.

உன்னிடம் ஒரு குணம் உண்டு. சின்ன வயதிலிருந்தே அதை எனக்குத் தெரியும். உன்னை ஒருவர் மெச்சிவிட்டால் போதும், அவருக்காக நீ எதையும் செய்வாய். பத்தாவது படிக்கும்போது வீரபாண்டித் திருவிழாவில் அக்கினிச்சட்டி எடுத்தாயே, நினைவிருக்கிறதா? உனக்கு அம்மை போட்டு இறங்கியதற்கு நான் நேர்ந்துகொண்டது. ஒரு சுற்று வந்தால் வேண்டுதல் முடிந்தது. நீ ஒரு சுற்று முடித்து வந்தபோது, கூட்டத்தில் யாரோ முகம் தெரியாத ஓர் ஆள், “ஏலே, ஆம்பளப்புள்ளடா இவன், இன்னொரு சுத்துக்கூடத் தாங்குவான்” என்று சொன்னார். நீ திரும்பினாய். நான் கத்தக் கத்த இன்னொரு சுற்றுப் போனாய். வேப்பிலை கருகிப்போய்ச் சட்டி நேராகக் கையைச் சுட்டிருக்கிறது. இறக்கி வைத்தபோது உள்ளங்கை இரண்டும் வெந்து தோல் சட்டியோடு வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும்போது, “அந்தாளு பாத்தாகளாம்மா?” என்று நீ கேட்டாய். அன்றைக்கே உன்னை நினைத்து எனக்குப் பயம் வந்தது. நாலு வசவு வைததோடு அதை விட்டுவிட்டேன்.

இந்த வருஷம் சின்னமனூரில் உனக்குப் பெண் பார்த்து நிச்சயம் செய்தோம். நல்ல பெண். எனக்குப் பிடித்த பெண். அவளுடைய அப்பா லாரிகள் வைத்திருக்கிறார், நல்ல மனுஷர், விருந்து உபசாரத்தில் குறை வைக்க மாட்டார். நிச்சயம் முடிந்த கொஞ்ச நாளில் எம்-சாண்ட் ஏற்றுகிற லாரியின் பம்ப்பை நம்மிடம் கொண்டுவந்து இறக்கினார். அன்றைக்குப் பட்டறையில் நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதுகிறேன், ஏனென்றால் நீ அதை வேறு மாதிரி நினைத்துக்கொண்டிருக்கலாம்.

“மருமகனே, வண்டி மேட்டுல முக்குது. வளைவுல நின்னா எந்திரிக்க மாட்டேங்குது. ஒங்க கை பட்டா சரியாப் போகும்னு எல்லாரும் சொல்றாக” என்றார்.

நான் பெஞ்சில் ஏற்றிப் பார்த்தேன். பம்ப்பில் ஒரு குறையும் இல்லை. டயாபிரம் நன்றாக இருந்தது, காற்றுக்குத் தக்கபடி ராக் சரியாக நகர்ந்தது. “அண்ணே, பம்ப்பு நல்லாருக்கு. லோடுதேன் சாஸ்தி. கொஞ்சம் கொறச்சு ஏத்துங்க” என்றேன்.

அவர் சிரித்தார். “தங்கச்சி, லோடக் கொறைக்கவா நான் லாரி வச்சிருக்கேன்? நீங்க பொம்பளையாளு, பயந்து பயந்து செட் பண்ணுவீக. மருமகன் ஆம்பள. அவரு பாத்துக்குவாரு” என்று உன் தோளில் தட்டினார். உன் முகம் சிவந்ததை நான் பார்த்தேன். அக்கினிச்சட்டியோடு திரும்பின அதே முகம். நான் பம்ப்பை மூடி, கம்பி கோத்து, நம் பட்டறை முத்திரை வைத்த ஈய சீலை அமுக்கிவிட்டு, மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனேன். சீல் வைத்துவிட்டால் முடிந்தது என்று நினைத்தேன். சீல் அமுக்குகிற குறடு உன் கைக்கும் எட்டுகிற இடத்தில்தான் தொங்குகிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை.

நீ என் சீலை வெட்டினாய். மூடியைத் திறந்தாய். டயாபிரத்துக்கும் மூடிக்கும் நடுவில் ஒரு தடித்த வாஷரை வைத்து மூடியை முடுக்கினாய். மூடி வாஷரை அமுக்க, வாஷர் டயாபிரத்தை அமுக்க, அது எப்போதும் கீழேயே கிடந்தது. எஞ்சினில் காற்று இருந்தாலும் இல்லாவிட்டாலும் வந்துவிட்டது என்றே கவர்னர் நினைத்துக்கொண்டது. வளைவில் வண்டி நின்றாலும் மிதித்த மாத்திரத்தில் முழு டீசல். பிறகு புதிதாக ஒரு சீல் வைத்து, நம் முத்திரையையே அதன்மேல் அமுக்கினாய். வாஷர் வைத்ததைவிட அந்த முத்திரைதான் எனக்கு ஆறவே இல்லை. அந்த வாரம் உன் மாமனார் அப்பாவுக்குப் போன் போட்டு, வண்டி யானை மாதிரி ஏறுகிறது என்று உன்னைப் புகழ்ந்தார். அப்பா ஸ்பீக்கரில் போட்டு எனக்கும் கேட்க வைத்தார். எப்படி ஏறுகிறது என்று நான் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். மகனைப் புகழ்கிறார்களே என்று நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

அப்புறம் அந்த சாயங்காலம். ஏலக்காய் பறித்துவிட்டுப் பெண்கள் வருகிற ஜீப், கம்பம்மெட்டிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. ஓட்டினவர் பண்ணைப்புரத்து முருகேசன். வருஷக்கணக்காக அதே ரோட்டில் அதே வேலை பார்க்கிறவர். எதிரே எம்-சாண்ட் லாரி ஒன்று ஏறிப்போனது. லாரி அப்போதுதான் கீழ் வளைவில் நின்று எடுத்து மேலே வந்திருக்கிறது. அன்றைக்குக் காற்று இல்லை. பாறைச் சுவருக்கும் மரங்களுக்கும் நடுவில் அது விட்ட புகை வளைவிலேயே அடைத்துக்கொண்டு நின்றது. முருகேசன் லாரியைத் தாண்டி வளைவுக்குள் திரும்பியதும் முன்னால் ஒன்றுமே தெரியவில்லை. பிரேக் போடுவதற்குள் ஜீப் தடுப்புச் சுவரை இடித்துக்கொண்டு கீழே போய்விட்டது. மற்றவர்கள் கை கால் ஒடிந்து பிழைத்தார்கள். ராசாத்தி ஜீப்புக்கு அடியில் மாட்டி அங்கேயே முடிந்துபோனாள்.

ஜனங்கள் ஓடிவந்து வாட்ஸப்பில் போடப் போட்டோ எடுப்பதற்குள் புகை கலைந்துவிட்டது. எந்தப் போட்டோவிலும் புகை இல்லை. பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து ஜீப்பைப் பார்த்தார், பிரேக்கில் குறையில்லை. அளவுக்கு மேல் ஆள் ஏற்றியிருந்தது உண்மை. முருகேசன் புகை, புகை என்று அடித்துக்கொண்டதை யாரும் காதில் வாங்கவில்லை, அவர்மேல்தான் கேஸ் போட்டார்கள். நம் பட்டறையிலேயே டீக் குடிக்க வந்தவர்கள் அதைச் சொல்லிச் சிரித்தார்கள், “வண்டி ஓட்டத் தெரியாதவனுக்குப் புகையும் சாக்கு, பனியும் சாக்கு” என்று. நீ டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனாய். வயிறு சரியில்லை போல என்று நான் நினைத்தேன்.

இரண்டு நாள் கழித்து உன் மாமனாரின் லாரி டிரைவர் பாண்டி வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினான். நீ மதுரைக்குச் சாமான் வாங்கப் போனவன் இன்னும் திரும்பவில்லை.

“அக்கா, மருமகப்புள்ள வரச் சொன்னாக. மொதலாளியும் சொன்னாக. புகையக் கொறைக்கணுமாம்” என்றான்.

“புகையக் கொறைக்கவா? என்னப்பா, லாரிக்காரன் வாயில வராத வார்த்தையா இருக்கு?”

அவன் சிரிக்கவில்லை. “அன்னிக்கி ஜீப்பு உருண்டுச்சுல்ல, அதுக்குச் சித்த முன்னாடி நாந்தேன் அந்த வளைவத் தாண்டுனேன். கண்ணாடில பாத்தா பின்னாடி ரோடே தெரியலக்கா. இருட்டுன மாதிரி அடச்சுக்கிட்டு நின்னுச்சு. எனக்கே ஒரு மாதிரி ஆயிருச்சு. யார்ட்டயும் சொல்லாதன்னு மொதலாளி சொல்லிட்டாக.” சொல்லிவிட்டு டீ குடிக்க எதிர்க்கடைக்குப் போனான்.

நான் சீலைப் பார்த்தேன். நம் முத்திரைதான். ஆனால் கம்பியின் முடிச்சு என் முடிச்சு இல்லை. வெட்டி மூடியைத் திறந்தேன். வாஷர் அங்கன கிடந்தது. வாஷரை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு மூடியைப் பழையபடி முடுக்கிவிட்டேன். நீ வந்தாய். என்னைப் பார்க்காமல் நேராக லாரிக்குப் போய் மூடியைக் கழற்றினாய். உள்ளே ஒன்றுமில்லை. நீ மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாய். நான் கண்ணாடிக் குழாய்களைத் துடைத்துக்கொண்டிருந்தேன். நீ மூடியைத் திரும்ப முடுக்கிவிட்டு வெளியே போனாய். அன்றிலிருந்து இந்த வீட்டில் நாம் சாப்பிடுகிறோம், தூங்குகிறோம், பத்திரிகைக்கு அட்டை தேர்ந்தெடுக்கிறோம். உனக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று உனக்கும் தெரியும்.

அப்பாவிடம் சொன்னேன். வாஷரைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். “கல்யாணம் முடியட்டும் புள்ள, அப்புறம் பாத்துக்கலாம்” என்றார். கல்யாணம் முடிந்தால், மறுவீடு முடியட்டும் என்பார். அப்புறம் அவள் உண்டாகியிருக்கிறாள், இப்போது எதற்கு என்பார். அவர் கெட்டவர் இல்லை. உன்னை இழந்துவிடுவோமோ என்று பயப்படுகிறார். எனக்கும் அந்தப் பயம்தான். அதனால்தான் நானும் இத்தனை நாள் அந்த வாஷரை முடிந்த முடிச்சோடு நடமாடினேன். மாரியம்மா, எப்படியாவது இது தானாகச் சரியாகிவிடட்டும் என்று வேண்டிக்கொண்டேன். எது எப்படித் தானாகச் சரியாகும் என்று எனக்கே தெரியவில்லை.

போன வெள்ளிக்கிழமை உங்கள் இருவரிடமும் கோயிலுக்கு என்று சொல்லிவிட்டுப் பண்ணைப்புரம் போனேன். முதலில் ராசாத்தி வீட்டுக்குத்தான் போனேன். பூட்டிக் கிடந்தது. அடுத்த வீட்டில் கேட்டேன். புருஷன் எப்போதோ விட்டுப் போனவன். மகள் பன்னிரண்டாவது படித்துக்கொண்டிருந்ததாம். இப்போது பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, வேறு ஒரு ஜீப்பில் ஏலக்காய் பறிக்கப் போகிறதாம். அதே ரோடு, அதே வளைவு. “அந்த எடம் வந்தா மட்டும் அந்தப் புள்ள கண்ண மூடிக்கிருமாம்” என்று சொன்னார்கள். அதற்குமேல் அங்கே நிற்க முடியாமல் நடந்தேன்.

முருகேசன் ஜாமீனில் வெளியே வந்து வீட்டில் இருந்தார். வெளித்திண்ணைப் பக்கமே வருவதில்லையாம், உள்ளே இருட்டில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவர் சம்சாரம் சாந்திதான் பேசியது. “மொதல்ல புகை புகைன்னு கத்துனாகக்கா. ஸ்டேஷன்ல சிரிச்சாக. ஊருல காறித் துப்புனாக. ராசாத்தி வகையறா வந்து கதவுல கல்லெறிஞ்சாக. இப்ப இவுக வாயே தெறக்கிறதில்ல. சோறு வச்சா வச்சபடி கெடக்கு” என்றது.

நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். “புகைன்னு நாந்தேன் சொன்னேன். எல்லாரும் இல்லைங்கிறாக. போட்டோலயும் இல்ல. யோசிச்சு யோசிச்சுப் பாக்குறேன், ஒருவேள நாந்தேன் கண்ணசந்துட்டேனோ என்னமோ. காலையில நாலு மணிக்கே எந்திரிச்ச ஒடம்பு. புதன்கெழம கேஸு வருது. நாந்தேன் தப்புன்னு ஒத்துக்கிறப் போறேன்க்கா. அந்தப் புள்ள மொகத்துல முழிக்க முடியல.”

தம்பி, இதைத்தான் உனக்குச் சொல்ல வேண்டும் என்று தவிக்கிறேன். ராசாத்தி செத்தது ஒரு பாவம். இது அதற்குமேல் இன்னொன்று. ஒரு மனுஷன் தன் கண்ணால் பார்த்ததைத் தானே நம்பாமல் போகும்படி நாம் செய்துவிட்டோம். நீ பேசாமல் இருந்தாய், நான் பேசாமல் இருந்தேன், அவர் அந்த இருட்டில் உட்கார்ந்து தன்னைத்தானே கொலைகாரன் என்று தீர்த்துக்கொண்டிருக்கிறார். என்னால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. “முருகேசா, புகை இருந்துச்சு. எனக்குத் தெரியும். அந்த லாரியோட பம்ப்பு எங்க பட்டறையில பாத்தது” என்றேன்.

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன். அவர் அப்போதுதான் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். அப்புறம் சின்னப் பிள்ளை மாதிரி, “அப்ப நான் தூங்கலயாக்கா?” என்று கேட்டார். “தூங்கலப்பா” என்றேன். சாந்தி சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதது. நானும் அழுதேன். பஸ்ஸில் வரும்போதும் அழுதுகொண்டே வந்தேன், பக்கத்து சீட்டில் இருந்த அம்மா யாரும் தவறிப்போய்விட்டார்களா என்று விசாரித்தது.

அவருடைய வக்கீலையும் பார்த்துவிட்டேன். வாஷரை அவரிடம் கொடுத்துவிட்டேன். அவர் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, “அம்மா, இத மட்டும் வச்சு ஒண்ணும் நிக்காது. எந்தக் கடையிலயும் கெடைக்கிற வாஷர்தேன். நீங்க எடுத்ததச் சொல்லலாம், போட்டதச் சொல்ல முடியாது. போட்டவரு வந்து வாயால சொன்னாத்தேன் அந்தாளு தப்பிப்பாரு” என்றார். பாண்டி சொல்ல மாட்டான், அவன் பிழைப்பு அங்கே. உன் மாமனார் சொல்ல மாட்டார். அவர் வாயால்தானே கேட்டார், கையால் செய்தவன் நீ. ஆக, முருகேசனைக் காப்பாற்ற முடிகிற ஒரே ஆள் நீதான்.

சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. உன் மேலும் கேஸ் வரும். வக்கீல் ஒளிக்காமல் சொன்னார். வரட்டும் என்று எழுதப் பார்த்தேன், கை வரவில்லை. உன்னை ஸ்டேஷனில் உட்கார வைப்பார்கள். கல்யாணம் நின்றுபோகலாம். மண்டபம், பத்திரிகை, சொந்தக்காரர்கள் பேச்சு எல்லாம் இருக்கிறது. தேனியில் நம்மிடம் பம்ப் கொண்டுவர ஆள் இருக்காது. அப்பா என்னோடு பேசாமல் போகலாம். இதையெல்லாம் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

புத்திமதி என்று கேட்டால் ஒன்றுதான். அந்தப் பெண்ணிடம் நீயே சொல், இன்றைக்கே சொல். நான் சொல்லி அவள் தெரிந்துகொண்டால் அவளுக்கு ஒரு மாமியார் சொன்ன கதை. நீ சொன்னால், தான் கட்டிக்கொள்ளப் போகிறவன் யார் என்று அவளுக்குத் தெரியும். அவள் அப்பா பக்கம் நிற்பாளோ, உன் பக்கம் நிற்பாளோ, இரண்டு பேரையும் விட்டுப் போவாளோ, அது அவள் பாடு. தெரியாமல் கழுத்தை நீட்ட வைக்காதே. அப்படி ஒரு கல்யாணத்தில் அட்சதை போட என்னைக் கூப்பிடாதே, நான் வர மாட்டேன்.

நீ கொலை செய்ய நினைக்கவில்லை. அது எனக்குத் தெரியும், எந்த இடத்திலும் அதைச் சொல்வேன். ஒருவர் தோளில் தட்டிப் பாராட்டினார் என்று செய்தாய். முக்குகிற வண்டியை எகிற வைத்துக் காட்ட ஆசைப்பட்டாய். அந்தப் பெட்டி அங்கே எதற்கு இருக்கிறது என்று உனக்கு நன்றாகத் தெரிந்தும் செய்தாய், அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. தெரியாதவன் செய்திருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலையே இருந்திருக்காது.

புதன்கிழமை காலையில் நான் கோர்ட்டுக்குப் போகிறேன். அப்பா வர மாட்டார். நீ வந்தால் நீயே சொல்லிவிடு. நான் பக்கத்தில் நிற்பேன். அப்புறம் உன்னை எங்கே கொண்டுபோய் வைத்தாலும் அங்கே சோறு கொண்டுவருவேன், எத்தனை வருஷம் ஆனாலும் கொண்டுவருவேன். நீ வராவிட்டால் நான் தனியாக ஏறிச் சொல்வேன். மூடியைத் திறந்ததைச் சொல்வேன், வாஷரை எடுத்ததைச் சொல்வேன். என் சீலை வெட்டி இதைப் போட்டது யார் என்று கேட்பார்கள். நீ பிறந்து தொட்டிலில் போட்ட அன்று, குனிந்து உன் காதில் உன் பெயரை முதலில் சொன்னவள் நான்தான். புதன்கிழமை அதை எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொல்வேன்.

அம்மா